முதல் தொடுகை

2007 செப்டம்பர் 27. சீனாவின் ஹாங்ஜோ நகரில் பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதி. 51 ஆட்டங்களாகத் தோல்வியே காணாமல் வந்த அமெரிக்க அணி, பிரேசிலிடம் மூன்று கோல் வாங்கிவிட்டது. சிவப்பு அட்டையால் பத்துப் பேராகவும் குறைந்துவிட்டது. 79-ஆவது நிமிடம். இடது பக்கம், பெனால்டி பாக்ஸின் விளிம்பில், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். அவர் முதுகை ஒட்டி ஒரு அமெரிக்க டிஃபெண்டர். அந்த நிலையில் ஃபார்வர்டு ஆடுபவர் செய்யக்கூடியது அதிகமில்லை. பந்தை நிறுத்தி, வந்த வழியே திருப்பித் தரலாம். உடம்பைக் கொடுத்து ஃபவுல் வாங்கலாம். ஜெயிக்கிற அணிதானே என்று ஓரமாக ஒதுங்கி நேரத்தைக் கடத்தலாம்.

பந்து துள்ளி வந்தது. துள்ளல் அடங்குமுன்பே, திரும்பிக்கூடப் பார்க்காமல், அதைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டார் அவர். பந்து டிஃபெண்டரின் ஒரு பக்கமாகப் போனது. அவர் மறுபக்கமாகச் சுழன்று போனார். நடுவில் நின்ற டிஃபெண்டருக்கு எதைப் பிடிப்பது என்று புரியவில்லை. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது, பந்தும் அவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே இடத்தில் சந்தித்தார்கள். இரண்டாவது டிஃபெண்டர் குறுக்கே பாய்ந்து வந்தார். அவரையும் உள்பக்கம் வெட்டித் தாண்டி, கோல்கீப்பருக்கு எட்டாமல் அடித்தார். 4–0.

மார்த்தா வியேரா த சில்வா. அப்போது அவருக்கு வயது 21. அந்த உலகக் கோப்பையில் 7 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணியையும், தொடரின் சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்தையும் சேர்த்தே வாங்கினார்.

இந்தக் கோலின் காட்சியைப் பலமுறை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். முதலில் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கால்களை. நெடுநாள் கழித்துத்தான் பார்க்கவேண்டிய இடம் வேறு என்று புரிந்தது. பந்து வந்து சேர்வதற்கு முந்தைய அந்த ஒரு நொடி. கோல் அங்கேயே முடிவாகிவிட்டது. டிஃபெண்டர் எந்தக் காலில் எடையைப் போட்டிருக்கிறார், எந்தத் தோள் தன்மேல் அழுந்துகிறது, காலியிடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையெல்லாம் முதுகாலேயே கணக்கிட்டு முடித்துவிட்டார். அதன்பின் கால் செய்தது வெறும் கையெழுத்து.

கால்பந்தில் இதை முதல் தொடுகை என்பார்கள். வருகிற பந்தை முதன்முதலாகத் தொடும் அந்தத் தொடுதல். பெரும்பாலானோருக்கு அது பந்தை அடக்குகிற வேலை. அடக்கிய பிறகு நிமிர்ந்து பார்த்து, யோசித்து, அடுத்ததைச் செய்வார்கள். மார்த்தாவுக்கு முதல் தொடுகையே தாக்குதல். அடக்குவதும் ஏமாற்றுவதும் அவரிடம் ஒரே அசைவு. அவருடைய இருபது வருட ஆட்டத்தில் மற்ற எல்லாம் காலத்தோடு கூடிக் குறைந்தன. இந்த ஒன்று மட்டும் குறையவே இல்லை. மார்த்தாவை ஒரு கலைஞர் என்று சொல்ல எனக்கு இருக்கும் முதல் காரணமும் இதுதான்.

அவர் இடதுகால்காரர். உயரம் அதிகமில்லை. ஓடும்போது பந்தை இடதுகாலின் வெளிப்பக்கத்தோடு ஒட்டியே வைத்துக்கொள்வார். நம் மைதானங்களில் ‘டாட்ஜ்’ என்கிறோமே, அந்த வித்தையில் பலருக்குப் பலவிதமான ஆடம்பரங்கள் உண்டு. பந்தின்மேல் காலைச் சுழற்றுவார்கள், இடுப்பை ஆட்டுவார்கள். மார்த்தாவுக்கும் அதெல்லாம் தெரியும். ஆனால் அவருடைய உண்மையான ஆயுதம் வேகத்தை மாற்றுவது. ஓடிக்கொண்டே இருப்பார்; சட்டென்று பாதி வேகமாகும். டிஃபெண்டரும் குறைப்பார். அந்தக் குறைப்பு முடிவதற்குள் மார்த்தா கிளம்பியிருப்பார். தாளம் போட்டுக்கொண்டு கச்சேரி கேட்பவருக்கு இது புதிதில்லை. நம் கை அடியில் விழுந்திருக்கும். பல்லவி அரையிடம் தள்ளி எடுக்கும். அந்த அரையிடத்துக்குள்தான் டிஃபெண்டர்கள் விழுந்தார்கள்.

இந்தக் கை, அல்லது இந்தக் கால், எங்கே பழகியது?

பிரேசிலின் வடகிழக்கில் அலகோவாஸ் மாநிலம். அதன் உள்நாட்டில், மழை பொய்த்துக்கொண்டே இருக்கும் வறண்ட நிலத்தில் தோயிஸ் ரியாஷோஸ் என்ற சிற்றூர். போர்த்துகீசிய மொழியில் அதற்கு ‘இரண்டு ஓடைகள்’ என்று பொருள். 1986 பிப்ரவரி 19-இல் அங்கே பிறந்தார் மார்த்தா. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். நான்கு பிள்ளைகளையும் அம்மா ஒருத்தியாக உழைத்து வளர்த்தார். ஊரில் பெண்கள் அணி கிடையாது. எனவே பையன்களோடு ஆடினார். கிடைத்த பந்தில் ஆடினார். பந்து கிடைக்காதபோது பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டி உருண்டையாக்கி ஆடினார்.

தன்னைவிடப் பெரிய பையன்களுக்கு நடுவே ஆடும் ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். தோளால் முட்டி ஜெயிக்க முடியாது. பந்தை வாங்கிவிட்டு யோசிக்கலாம் என்றால், யோசிப்பதற்குள் இடித்துத் தள்ளிவிடுவார்கள். பந்து வருவதற்கு முன்பே முடிவெடுத்தவளுக்கு மட்டும்தான் அந்த ஆட்டத்தில் இடம். மார்த்தாவின் முதல் தொடுகை அங்கே விளைந்தது என்றே நம்புகிறேன். கரடுமுரடான தரையில் பந்து எப்படித் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஹாங்ஜோவில் துள்ளி வந்த பந்து அவரைத் தடுமாறவைக்கவில்லை.

பையன்களின் போட்டி ஒன்றில் இவர் ஆடினால் தன் அணியை விலக்கிக்கொள்வதாக எதிரணிப் பயிற்சியாளர் மிரட்ட, விலக்கப்பட்டவர் மார்த்தாதான். அந்தப் பயிற்சியாளர் ஒருவரின் குணக்கேடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1941-இல் பிரேசிலின் ஜெத்துலியோ வர்காஸ் ஆட்சி ஓர் ஆணை போட்டது: பெண்ணின் இயல்புக்குப் பொருந்தாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடக்கூடாது. 1965-இல் கால்பந்தைப் பெயர் சொல்லியே தடைசெய்தார்கள். பெலேவும் கரிஞ்சாவும் உலகத்தை மயக்கிய ஆண்டுகளிலெல்லாம் அந்த நாட்டுப் பெண்கள் பந்தைத் தொடுவது சட்டவிரோதம். 1979-இல்தான் தடை நீங்கியது. மார்த்தா பிறந்தது அதற்கு ஏழே வருடம் கழித்து. சட்டம் போய்விட்டது, ஆனால் சட்டம் வளர்த்த மனம் ஊரில் அப்படியே இருந்தது.

14 வயதில் பஸ் ஏறினார். ரியோ டி ஜெனிரோவுக்கு மூன்று நாள் பயணம். வாஸ்கோ ட காமா கிளப்பில் பெண்கள் அணிக்கு ஆள் தேர்வு. அங்கே ஹெலேனா பஷேகோ என்ற பயிற்சியாளர் இவரைக் கண்டுகொண்டார். பேசக் கூச்சப்படுகிற, பந்து காலில் பட்டதும் வேறு ஆளாகிவிடுகிற பெண். சில காலத்தில் அந்தப் பெண்கள் அணியே மூடப்பட்டது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாவின் வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப வரும்.

17 வயதில் 2003 உலகக் கோப்பை ஆடினார், மூன்று கோல். அதைப் பார்த்துவிட்டு ஸ்வீடனின் உமியா கிளப் அழைத்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து சாலைவழி வடக்கே 600 கிலோமீட்டருக்கும் மேல். குளிர்காலத்தில் பகல் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் ஊர். பனியையே பார்த்திராத பெண், மொழி தெரியாமல் அங்கே போய் இறங்கினார். 2004-இல் உமியா ஐரோப்பிய கிளப் கோப்பையை வென்றது. ஃபிராங்ஃபர்ட்டுக்கு எதிராக இரண்டு இறுதி ஆட்டங்களிலும் சேர்த்து 8–0. 2005 முதல் 2008 வரை தொடர்ந்து நான்கு ஸ்வீடன் லீக் பட்டங்கள்.

ஸ்வீடன் அவர் ஆட்டத்துக்கு என்ன தந்தது என்பதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. அலகோவாஸ் தந்தது தனியாவர்த்தனம். உமியா கற்பித்தது சேர்ந்து வாசிப்பதை. ஸ்வீடன் கால்பந்தில் ஒழுங்கு முக்கியம். பந்து இல்லாதபோது எங்கே நிற்கவேண்டும் என்பது முக்கியம். அந்தப் பள்ளியில் அவருடைய முதல் தொடுகைக்கு இன்னொரு பயன் கிடைத்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகிய தொடுகை, இப்போது பக்கத்தில் ஓடுகிறவருக்கு வழி திறந்துவிடப் பழகியது. ஒரே தொடுதலில் பந்தைத் திருப்பி, இன்னொரு ஃபார்வர்டின் ஓட்டத்துக்கு முன்னால் வைப்பார். மார்த்தா என்றால் டாட்ஜ் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் பாதி மார்த்தாவைத்தான் பார்த்திருக்கிறார்கள். பின்னாளில் ஸ்வீடன் குடியுரிமையும் பெற்றார். அந்த நாட்டை அவர் வந்துபோன ஊராக நினைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் உலகின் சிறந்த வீராங்கனை என்ற ஃபிஃபா விருது. எட்டு வருடம் கழித்து 2018-இல் ஆறாவது முறை. இந்தக் கணக்கைச் சொல்லிக் கைதட்டுகிறோம். அதே ஆண்டுகளில் அவர் காலடி நிலம் எப்படி இருந்தது என்று பார்த்தால் மனம் கனக்கும். 2009-இல் அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கிய தொழில்முறை லீகில் லாஸ் ஏஞ்சலிஸ் சோல் அணிக்குப் போனார். லீகின் அதிக கோல் அவருடையது. ஒரே சீசனில் அணி மூடப்பட்டது. 2010-இல் கோல்டு பிரைடு அணி. மறுபடி அதிக கோல், லீக் பட்டம். பட்டம் வென்ற அந்த அணியும் மூடப்பட்டது. 2011-இல் வெஸ்டர்ன் நியூயார்க் ஃப்ளாஷ். மறுபடி பட்டம், அதிக கோலிலும் மறுபடி முதலிடம். 2012-இல் அந்த லீகே கலைந்தது. ஸ்வீடனுக்குத் திரும்பி டிரேசோ அணியில் சேர்ந்தார். 2014-இல் அந்த அணி சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போனது. லிஸ்பனில் வுல்ஃப்ஸ்பர்க்கிடம் 3–4 எனத் தோற்றது. மார்த்தா இரண்டு கோல் அடித்தார். அதே ஆண்டு டிரேசோ திவாலானது.

உலகிலேயே சிறந்தவர் என்று மேடையேற்றிய அதே காலத்தில், அவருக்குச் சம்பளம் தந்த அணிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. ஆண்கள் கால்பந்தில் அந்த உயரத்தில் இருக்கும் ஒருவருக்கு இப்படி நடந்ததைக் கேள்விப்பட்டதில்லை. பெண்கள் கால்பந்தில் அது தொழிலின் பகுதியாகவே இருந்தது. புது ஊர், புது மொழி, புதுச் சக வீராங்கனைகள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு முதல் தொடுகை.

அவரைப் ‘பாவாடை கட்டிய பெலே’ என்று பிரேசிலில் சொன்னார்கள். பாசத்தில் பிறந்த பட்டம்தான். ஆனாலும் எனக்கு அது உவப்பில்லை. பெலேவுக்கு ஆட நாடே மைதானமாக விரிந்திருந்தது. மார்த்தா தன் மைதானத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு ஆடினார். அந்த ஆட்டத்தை அதன் சொந்த அளவுகோலால்தான் அளக்கவேண்டும்.

தோல்விகளையும் சொல்லாமல் இந்த ரசனை முழுமையாகாது. ஹாங்ஜோவுக்கு மூன்று நாள் கழித்து 2007 இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் நதீன் ஆங்கரர் அவருடைய பெனால்டியைத் தடுத்தார். பிரேசில் 0–2 எனத் தோற்றது. 2004, 2008 ஒலிம்பிக் இறுதிகள் இரண்டிலும் எக்ஸ்ட்ரா டைமில் அமெரிக்காவிடம் தோல்வி. 2011 உலகக் கோப்பையில், ட்ரெஸ்டனில் நடந்த காலிறுதியில் இரண்டு கோல் அடித்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். 122-ஆவது நிமிடத்தில் அமெரிக்காவின் ஆபி வாம்பாக் தலையால் முட்டிச் சமன்செய்ய, பெனால்டியில் எல்லாம் போனது. உலகக் கோப்பையை அவர் ஒருமுறையும் தூக்கவில்லை. ஆனால் உலகக் கோப்பைகளில் 17 கோல் அடித்திருக்கிறார். ஆண்களில் அதிகம் அடித்த ஜெர்மனியின் மிரோஸ்லாவ் க்ளோசே 16. ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் மனிதர், ஆணிலும் பெண்ணிலும், மார்த்தாதான்.

ஐந்தாவது உலகக் கோப்பையின் அந்தக் கோல் 2019-இல் பிரான்ஸில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வந்த பெனால்டி. அடித்ததும் தன் பூட்ஸைச் சுட்டிக் காட்டினார். கருப்பு பூட்ஸ், எந்த கம்பெனியின் முத்திரையும் இல்லை. சம ஊதியத்தைக் குறிக்கும் சமக்குறி மட்டும் இரண்டு நிறக் கோடுகளாக இருந்தது. முந்தைய ஒப்பந்தம் முடிந்தபின் வந்த குறைந்த தொகைகளை ஏற்க மறுத்து, விளம்பரமே இல்லாமல் ஆடினார். தோயிஸ் ரியாஷோஸில் பந்து வாங்க வழியில்லாத வீட்டுப் பெண், கம்பெனிக்காரர்களின் காசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உலகச் சாதனை படைத்தார். அதே தொடரில் பிரான்ஸிடம் தோற்று வெளியேறிய இரவு, கேமராவை நேராகப் பார்த்துப் பேசினார். தானும் சக வீராங்கனைகள் ஃபோர்மிகாவும் கிறிஸ்தியானேயும் என்றென்றும் இருக்கப்போவதில்லை, இனி இந்த ஆட்டம் பிழைக்க இளம்பெண்கள்தான் உழைக்கவேண்டும், முடிவில் சிரிக்கவேண்டுமானால் தொடக்கத்தில் அழுங்கள் என்றார். கண் கலங்கியிருந்தது, குரல் உறுதியாக இருந்தது.

அதன்பின் வந்ததுதான் என் ரசனையில் அவருடைய மிக அழகான காலம். 2017-இலிருந்து அவர் அமெரிக்காவின் ஆர்லாண்டோ பிரைடு அணியில். இடையில் முழங்கால் காயத்தால் 2022 சீசனையே இழந்தார். வேகம் குறைந்தது. ஓரத்தில் பறந்துகொண்டிருந்தவர் நடுவுக்கு வந்தார். வேகத்தை நம்பி வாழ்ந்த பலர் இந்த இடத்தில்தான் மங்கிப்போவார்கள். மார்த்தாவிடம் வேகம் போனபின் அடியிலிருந்த கலை துலக்கமாகத் தெரிந்தது. வயதான வித்வான் ஒருவர் பிருகாக்களைக் குறைத்துக்கொண்டு, ஒரு சுரத்தில் நின்று நிலைநாட்டுவார் அல்லவா, அப்படி. குறைவாக ஓடினார், முன்னதாகப் பார்த்தார்.

2024 நவம்பர் 17, அமெரிக்காவின் புதிய லீகில் கான்சஸ் சிட்டி கரண்ட் அணியோடு அரையிறுதி. அப்போது அவருக்கு 38 வயது. பந்தை வாங்கிக்கொண்டு தனியாகவே புறப்பட்டார். வந்த டிஃபெண்டர்களை ஒவ்வொருவராக எதிர்த்திசையில் சாயவைத்தார். கோல்கீப்பரையும் தாண்டி வலைக்குள் போட்டார். ஆட்டத்தை ஆர்லாண்டோ 3–2 என வென்றது. 2007-இன் கோலையும் இதையும் அடுத்தடுத்துப் பாருங்கள். 17 வருட இடைவெளி. முன்னதில் மின்னல், பின்னதில் நிதானம். இரண்டிலும் டிஃபெண்டர் ஏமாறும் இடம் ஒன்றுதான்: தான் எடையைப் போட்ட கால். ஆறு நாள் கழித்து, பெண்கள் தொழில்முறை அணிக்கென்றே கட்டப்பட்ட கான்சஸ் சிட்டி ஸ்டேடியத்தில், வாஷிங்டன் ஸ்பிரிட்டை 1–0 என வென்று கோப்பையைத் தூக்கினார் கேப்டன் மார்த்தா. அணிகள் மூடப்படுவதைப் பார்த்தே வளர்ந்தவர், பெண்களுக்கென எழுந்த மைதானத்தில் கோப்பையோடு நின்றார்.

அந்த ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினோடு ஆடியபோது சிவப்பு அட்டை வாங்கி அழுதுகொண்டே வெளியேறினார். தடை முடிந்து இறுதி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்தார், மூன்றாவது வெள்ளி. தேசிய அணியில் 2024-தான் கடைசி என்று முன்பே சொல்லியிருந்தார். ஆனால் 2025 கோப்பா அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஆகஸ்ட் 2, கீட்டோ நகரில் கொலம்பியாவோடு இறுதி. 82-ஆவது நிமிடத்தில் உள்ளே வந்தார். பிரேசில் 2–3 எனப் பின்தங்கி, ஆட்டம் முடியும் தறுவாயில், பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்துச் சமன்செய்தார். எக்ஸ்ட்ரா டைமில் இன்னொன்று. கொலம்பியா மறுபடி சமன்செய்ய, பெனால்டியில் மார்த்தா அடித்தது தடுக்கப்பட்டது. ஆனாலும் பிரேசில் வென்றது. 39 வயதில் ஒரே இரவில் மீட்பு, தவறு, வெற்றி மூன்றையும் பார்த்தார்.

ஃபிஃபா 2024 முதல் பெண்கள் ஆட்டத்தின் ஆண்டுச் சிறந்த கோலுக்குத் தருகிற விருதின் பெயர் மார்த்தா விருது. முதல் விருதை வாங்கியவரும் மார்த்தாதான், ஜமைக்காவுக்கு எதிராக அடித்த கோலுக்காக. 2027 உலகக் கோப்பை பிரேசிலில் நடக்கிறது. பெண்கள் பந்தைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்ட நாடு, உலகத்துப் பெண்களையெல்லாம் பந்தோடு வரச்சொல்லி அழைத்திருக்கிறது. அந்த மாற்றத்தில் பல பெண்களின் உழைப்பு இருக்கிறது. மார்த்தாவின் இடதுகாலுக்கு அதில் பெரிய பங்குண்டு.

படிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மார்த்தாவின் ஆட்டம் எதையாவது பார்க்கக் கிடைத்தால் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓடவிடாதீர்கள். பந்து இன்னும் வேறொருவர் காலில் இருக்கும்போதே மார்த்தாவைப் பாருங்கள். தலை ஒருமுறை இடப்பக்கம் திரும்பும், ஒருமுறை வலப்பக்கம். தோள் லேசாக இறங்கும். அவ்வளவுதான், ஆட்டம் அங்கே முடிந்துவிட்டது. பந்துக்கு மட்டும் அது இன்னும் தெரியாது.